சறுக்கிய மறுநாளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் எடைக்குறைப்பு பற்றி வாரம் தவறாமல் ஏதாவது வந்துவிடுகிறது. கொள்ளு ரசம், சீரகத் தண்ணீர், பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடுவது, சிறுதானிய அடை, அப்புறம் 90 கிலோவிலிருந்து 65-க்கு வந்தவரின் பேட்டி, பழைய பேன்ட்டின் ஒரே காலுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு அவர் நிற்கும் படம். எல்லாம் சரி. எப்படி ஆரம்பிப்பது என்று எழுதுகிறீர்கள், முடித்தவர் எப்படி இருக்கிறார் என்று காட்டுகிறீர்கள். நடுவில் ஒருநாள் சடங்கு வீட்டில் கை தாராளமாகப் போய்விட்டால் மறுநாள் காலை அந்த ஆள் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று இதுவரை ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கு இல்லை. எடைக்குறைப்பு கெட்டுப்போவது அந்த மறுநாளில்தான் என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், வெட்ட வேண்டுமானால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் கிடையாது. தூத்துக்குடியில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன், பிளவுஸும் சுடிதாரும்தான் தொழில். ஒரு பெண்ணின் உடம்பு எந்த வருஷம் எத்தனை இஞ்ச் ஏறியது, இறங்கியது என்பது டாக்டரைவிட டெய்லருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என்னிடம் நோட்டு இருக்கிறது. ஆனால் நோட்டில் ஏற்ற விடமாட்டார்கள். "அளவெல்லாம் எடுக்காண்டாம்க்கா, இந்தா அளவு பிளவுஸ்" என்று ஒன்றை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த அளவு பிளவுஸ் கல்யாணத்துக்கு முந்தி தைத்ததாக இருக்கும். பக்கவாட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு தையலாகப் பிரித்துவிட்டு, இனி பிரிக்க உள்ளே துணியே இல்லாமல், பழைய தையல் போன ஊசி ஓட்டைகள் மூன்று வரிசையாக அக்குளிலிருந்து கீழே வரை தெரியும். இன்னும் சிலர், "ஈஸ்டருக்குள்ள குறைச்சிருவேன்க்கா, ஒரு இஞ்ச் சின்னதாவே தைங்க, அப்பதான் எனக்கு ரோஷம் வரும்" என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு, அவர்கள் கேட்காமலே உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டுத்தான் தைப்பேன். ரோஷத்தை நம்பித் துணியை வெட்டினால் நஷ்டம் எனக்கு.

இவர்கள் சோம்பேறிகள் இல்லை. விடியற்காலை ரோச் பூங்கா பக்கம் வேர்க்க வேர்க்க நடக்கிறவர்கள், சீனி போடாத டீயை முகம் சுளித்துக்கொண்டு குடிக்கிறவர்கள். நாலு வாரம், ஆறு வாரம் நன்றாகப் போகும். அப்புறம் ஒரு புதுமனை, ஒரு பிறந்தநாள், அல்லது வெறுமனே ஒரு மோசமான வெள்ளிக்கிழமை இரவில் சால்னாவோடு நாலு புரோட்டா. அதோடு ஆளைக் காணோம். கேட்டால் "எல்லாம் போச்சுக்கா, விட்டுட்டேன்" என்று பதில் வரும். என்ன போச்சு என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் ஒன்றுமே போயிருக்காது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உள்ளே போக வேண்டும் என்பது உணவு ஆலோசகர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மட்டன் பிரியாணியும் அதற்கு மேல் ஒரு துண்டு மஸ்கோத் அல்வாவும் சாப்பிட்டதில், வழக்கமான சாப்பாட்டைக் கழித்தது போக, அதிகப்படியாக 700 கலோரி போனதாகவே வையுங்கள். கொழுப்பாக மாறினால் 100 கிராம்கூட வராது. ஆனால் மறுநாள் காலை எடை மிஷினில் ஏறி நின்றால் ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டும். அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர், குடலில் இன்னும் இருக்கும் சாப்பாடு. அதோடு, உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் போலத் தண்ணீரையும் கூடவே வைத்துக்கொள்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் மூன்று நாலு நாளில் இதெல்லாம் தானாக இறங்கிவிடும். அந்த மூன்று நாள் பொறுக்காமல்தான் ஒன்றரை மாத உழைப்பைத் தூக்கிக் குப்பையில் போடுகிறோம்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் போனால் என்ன முழம் போனால் என்ன என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்வதை வெளிநாட்டில் ஐஸ்கிரீம் வைத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அது. சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல், ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் ஐஸ்கிரீமை வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க்ஷேக் குடித்திருந்தால் வயிறு நிறைந்ததால் கொஞ்சமாகச் சாப்பிட்டார்கள். உணவில் கெடுபிடியாக இருக்கிறவர்களோ, கட்டுப்பாடுதான் உடைந்துவிட்டதே என்று, மில்க்ஷேக் குடித்தபின், அதைக் குடிக்காத கெடுபிடிக்காரர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். 2007-ல் ஆடம்ஸ், லியரி என்ற இருவர் இதையே வேறு மாதிரி செய்தார்கள். கல்லூரிப் பெண்களுக்கு டோனட் கொடுத்துவிட்டு, ஒரு சாராரிடம் மட்டும், எல்லோரும் சாப்பிடுவதுதான், இதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம் என்று இரண்டு வார்த்தை பேசினார்கள். அடுத்து மிட்டாய் வைத்தபோது, கெடுபிடி ரகப் பெண்களில் அந்த ஆறுதல் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடக் குறைவாகவே எடுத்தார்கள். தன்னை மன்னித்துக்கொண்டால் துளிர்விட்டுப் போகும் என்று நாம் பயப்படுகிறோம், அங்கே நடந்தது நேர்மாறு.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. மெல்போர்னில் செய்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்களை ஒரு வருஷம் கழித்து அளந்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் முன்னைவிடக் கூடவே இருந்தது. இப்போது எடை குறைக்க ஊசி வந்திருக்கிறது, பணம் உள்ளவர்கள் போட்டுக்கொள்கிறார்கள். அதிலும், செமகுளுடைடு ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்று 2022 ஆய்வு ஒன்று சொல்கிறது. அவ்வளவு பலமான மருந்தை நிறுத்தினாலே உடம்பு இப்படி இழுத்துப் பிடிக்கிறது என்றால், வெறும் மன உறுதியோடு மல்லுக்கு நிற்கும் ஒரு பெண் ஒருநாள் தோற்றதற்கு அவளுடைய குணத்தைக் குறை சொல்வது என்ன நியாயம்? தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, சில மாத்திரைகள், தூக்கமின்மை எல்லாம் இதற்கு மேல். ஆனால் வீட்டில் யார் இதையெல்லாம் கேட்கிறார்கள்? கடை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு, "சுடிதாருக்கு ரெண்டரை மீட்டர் பத்துமா, இல்ல பந்தல் துணியா வாங்கிரவா" என்று என்னிடமே சிரித்துக் கேட்கிற கணவன்மார்களைப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணும் கூடச் சிரிப்பாள். அடுத்த தடவை அவள் கடைக்கு வருவதில்லை, அளவு பிளவுஸைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவாள்.

இந்த இடத்தில்தான் ஆன்மிகம் வருகிறது. உங்கள் பத்திரிகையில் ஆன்மிகப் பக்கம் வேறு, மருத்துவப் பக்கம் வேறு என்று இருப்பதால் இதை எங்கே போடுவீர்களோ தெரியவில்லை.

எங்களுடையது கத்தோலிக்க வீடு. ஈஸ்டருக்கு முந்தி வரும் தவக்காலம் நாற்பது நாள் என்பார்கள், ஆனால் சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிறு கணக்கில் கிடையாது, ஞாயிறன்று ஒருசந்தி என்கிற ஒருவேளை உபவாசமும் கிடையாது. இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டவர்களுக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. அப்புறம் சிலுவைப் பாதை, ஏசு சிலுவை சுமந்து மலை ஏறியதை நினைத்துச் செய்யும் ஜெபம். தவக்கால வெள்ளிதோறும் கோயிலில் சுற்றி வருவோமே, அந்தப் பதினாலு ஸ்தலங்களில் மூன்று, ஏழு, ஒன்பது ஆகிய மூன்றும் ஆண்டவர் கீழே விழுவதற்கென்றே இருக்கின்றன. விழுந்ததை மறைத்துவிட்டு மலை ஏறி முடித்ததை மட்டும் படமாக மாட்டவில்லை. அவர் விழுந்தது சிலுவைப் பாரத்தால், நாம் விழுவது நாக்கால், இரண்டும் ஒன்றா என்று யாராவது கேட்கலாம். ஒன்று இல்லைதான். ஆனாலும் ஒன்பதாம் ஸ்தலத்தில் முழங்கால் போடும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், மலை உச்சி நெருங்கிவிட்டது, இந்நேரத்திலும் ஒரு விழுகை இருக்கிறதே என்று. 12 கிலோ குறைத்தபின் சறுக்கி, அவமானத்தில் வீட்டுக்குள் முடங்கிய ஒரு பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

செய்த பாவத்தைக் கோயில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தையும் பாருங்கள். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அவர் ஒரு அபராதம் கொடுப்பார், பெரும்பாலும் மூன்று அருள்நிறை மந்திரம், ஒரு பரலோக மந்திரம். போய் முதலிலிருந்து ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வா என்று யாரையும் திருப்பி அனுப்பியது கிடையாது. எடை குறைக்கிறவர்கள் மட்டும்தான் ஒவ்வொரு சறுக்கலுக்கும் "வர்ற திங்கள்ல இருந்து புதுசா" என்று தலையைச் சுற்றி ஆரம்பப் புள்ளிக்கே போகிறார்கள். அதோடு, அபராதத்தை நமக்கு நாமே விதித்துக்கொள்ளும் வழக்கமும் எங்களிடம் இல்லை, இன்னொருவர்தான் விதிக்கிறார். நம் கையில் விட்டால் ஒன்று கொலைத் தண்டனை கொடுத்துக்கொள்வோம், இல்லையென்றால் சும்மா விட்டுவிடுவோம். நேற்று பிரியாணி தின்றதற்கு இன்று முழுப் பட்டினி என்பது முதல் ரகம். அந்தப் பட்டினிதான் ராத்திரி ஒன்பது மணிக்குப் புரோட்டாக் கடைக்குத் திரும்பக் கூட்டிப்போகிறது.

கடலை நம்பிப் பிழைக்கும் ஊர் என்பதாலோ என்னவோ, ஏசுவின் சீடரான மீனவர் ராயப்பர், அதாவது பேதுரு, கதையில் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. கரி நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டே மூன்று தடவை ஆண்டவரைத் தெரியாது என்று சொன்ன ஆள். உயிர்த்தெழுந்தபின் ஒருநாள் ஆண்டவர் அவரைச் சந்தித்தது ஒரு கரையில், அங்கேயும் கரி நெருப்பு, மேலே மீன், பக்கத்தில் அப்பம். ராத்திரி பூராவும் வலை போட்டுக் களைத்து வந்தவர்களை முதலில் சாப்பிடக் கூப்பிட்டார், சாப்பிட்டு முடித்தபின்தான் கேள்வி. அந்தக் கேள்வியும் ஏன் அப்படிச் செய்தாய் என்பதல்ல, என்மேல் அன்பு இருக்கிறதா என்பதுதான், அதையும் மூன்று தடவை கேட்டுவிட்டுக் கையோடு வேலையையும் கொடுத்தார். சறுக்கிய மறுநாள் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை.

இது எங்கள் கோயிலுக்கு மட்டும் சொந்தமான விஷயமும் அல்ல. பக்கத்துத் தெருவில் கார்த்திகை பிறந்து மாலை போட்டவர்கள் பூஜை முடியும்போது, அறிந்தும் அறியாமலும் செய்த குற்றங்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஐயப்பனிடம் கேட்பது என் தையல் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அத்தனை கடுமையான விரதத்தில் இருப்பவர்களே தினமும் கேட்கிறார்கள். ரமலானில் நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பு விட்டுப்போனால் பின்னால் ஒருநாள் நோற்றுக்கொள்ள இடம் இருக்கிறது.

சரி, அப்படியானால் தினமும் தின்றுவிட்டு தினமும் மன்னித்துக்கொள்ளலாமா என்று எதிர்வீட்டு அண்ணாச்சி கேட்டார், கேட்கத்தான் செய்வார். அதற்குத்தான் அபராதம் என்று ஒன்று இருக்கிறது. நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அபராதம் சின்னது. அடுத்த வேளைச் சாப்பாட்டை அதன் நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். மூன்று நாலு நாளைக்கு எடை மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையில் எப்போதும் நடக்கும் தூரம் நடங்கள், தண்டனையாக இரண்டு மடங்கு நடந்து முட்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், சறுக்கியதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தை யோசியுங்கள். இது முக்கியம். ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நிற்கும் பெண் ஒருத்தி, மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு இரண்டு வாய், அதற்குப் பிறகு ராத்திரி வரை வெறும் டீ. அவளுக்கு நாக்கில் ஒரு குறையும் இல்லை, நாலரை மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் இல்லாததுதான் குறை. வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுபோக ஆரம்பித்தாள், ராத்திரிப் புரோட்டா தானாகவே குறைந்தது.

ஜெபம் பண்ணினால் கொழுப்பு கரையும் என்று நான் சொல்லவே இல்லை, அப்படிச் சாட்சி சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஜெபம் என்னை மறுநாள் காலை வரை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான், அதுவே எனக்குப் பெரிது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாமிக்கும் பட்டினி கிடக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுவார்கள். எங்கள் திருச்சபைச் சட்டமே ஒருசந்திக் கடமையை 18-லிருந்து 59 வயது வரைதான் வைத்திருக்கிறது, நோயாளிகளை வற்புறுத்துவதில்லை. தின்றதை வாந்தி எடுக்கிற, நாள் கணக்கில் பட்டினி கிடக்கிற பிள்ளைகளுக்கு என் அபராதமெல்லாம் பொருந்தாது, அவர்களை உடனே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை அல்லது உடல்பருமன், அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் அது 31. ஆண்கள் 37. ஆனால் இதே தமிழ்நாட்டில் ஒரு நல்ல சேதியும் உண்டு, அதை நீங்கள் ஏன் பெரிதாகப் போடவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்துகொண்டவர்களுக்கு மூன்று வருஷத்தில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை சொல்லும்படியாகக் குறையவில்லை என்பதுதான் இதில் ருசியான விஷயம். மிஷினில் முள் நகராவிட்டாலும் உள்ளே வேலை நடந்திருக்கிறது! முள்ளைப் பார்த்து அழுகிற என் வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

டேப்பை எடுத்து அளக்கிறவர்களுக்குத் தொழில்காரியாக ஒரு குறிப்பு. இந்தியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச், ஆண்களுக்கு 90, ஏறக்குறைய முப்பத்தைந்தரை இஞ்ச், இதற்குள் இருப்பது நல்லது என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை. பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது, அங்கே எல்லோரும் ஒல்லிதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, டேப்பை இறுக்காமல் பிடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை போதும்.

உங்களிடம் கேட்பது இதுதான். "30 நாளில் 10 கிலோ" தலைப்பைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுவிடுங்கள். முடித்தவர்களின் பேட்டி போதும், பாதி வழியில் இருக்கும் ஒருவரைப் பிடித்து, ஆறு மாதம் கூடவே போய், அவர் சறுக்கிய வாரத்தையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு மருத்துவர் பதில் சொல்லட்டும், முடிந்தால் ஒரு குருக்களோ சாமியாரோ இமாமோ முறை வைத்து நாலு வரி எழுதட்டும். ஆள் கிடைக்கவில்லையென்றால் உங்கள் நிருபரைத் தூத்துக்குடிக்கு அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடையில் ஐந்தாறு பேராவது இருப்பார்கள், எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள். போட்டோ எடுக்க மட்டும் விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
தூத்துக்குடி.